கோடு நேராகத்தான் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

பல் செய்யும் லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தேன். கீபோர்டிலிருந்து தெறித்த ஓர் எழுத்து. சோபாவுக்கு அடியில் இன்னும் சில, ஜன்னல் ஓரத்தில் ஒன்று. சுவரில் புதிதாக ஒரு காயம்.

தம்பியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடுகிறேன். அவனுடைய அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வயது, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், இன்னும் தம்பிதான்.

கதவைத் தட்டினேன். "கேம் இழுக்குதும்மா. சரியா சுடுற நேரத்துல திரை அப்படியே நின்னுடுது. நான் செத்துடறேன். டீம்ல நாலு பேரும் என்னைத்தான் காய்ச்சுறானுங்க."

வேறு கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்றேன். பொருளோடு போயிற்று. போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று தண்ணீர் ஜக். சுவரில் பட்டு என் முதுகில் தெறித்தது. வெறும் தண்ணீர்தான். இப்போதெல்லாம் இரவில் அவன் நாற்காலி நகர்ந்தாலே விழித்துக்கொள்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாய் வீங்கியிருக்கிறது. எழுதாமல் இருக்கலாம். ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

மதியம் அவனுக்குத் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம். நான் உள்ளே நுழைந்த நேரம் பார்த்துத் திரை நின்றுவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. மறுபடி ஓடத் தொடங்கியபோது அவனுடைய ஆள் தரையில் கிடந்தான்.

"நீ உள்ள வந்தாலே இழுக்குது!"

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கினான். சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடித்தான். அதைத்தான் பார்த்தேன். வந்து விழுந்ததைப் பார்க்கவில்லை.

தட்டை மட்டும் கீழே விடவில்லை. ஏன் விடவில்லை? சோற்றின் மேல் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. நடுவே, பருக்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒன்று. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேல் வரிசை, முன்பல், பாதி. பல்லைப் பார்த்தால் எந்த இடத்துப் பல் என்று சொல்லத் தெரிந்தவள்தானே நான்.

அப்புறம் அவனே ஓடிப்போய் ஐஸ் எடுத்து வந்தான். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். "தெரியாம செஞ்சுட்டேன்மா, சத்தியமா தெரியாம." அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அடிபட்டவள் நான், ஆறுதல் சொன்னவளும் நான்.

இவன் அப்பா என் மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. குரல்கூட உயர்ந்ததில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? பாம்புக்கா பால் வார்த்தேன்? — சீ. என்ன எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஊராருக்கெல்லாம் பல் செய்கிறேன், இன்று எனக்கே செய்துகொண்டேன். என் பல்லுக்கு இவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று நிறம் பொருத்திப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

உடைந்த பல்லைச் சீவி அளவெடுத்தது டாக்டரம்மா. கிளினிக்கும் லேபும் அவருடையவை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

"வழுக்கி விழுந்தா முதல்ல கையைத்தானே ஊனுவீங்க? கையில ஒரு சிராய்ப்பு கூட இல்லையே."

"சோப்புத் தண்ணி டாக்டர்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வாயைத் திறங்க" என்றார். வாயைத் திறந்து வைத்திருக்கும்வரை பேச வேண்டாம் என்பது ஒரு வசதி.

மார்ச் 12, புதன்

தம்பி இன்று தங்கக் கம்பி. வீடு பெருக்கினான். எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். நல்ல நேரம் என்று பார்த்துக் கேட்டேன்: "அது ஏன் இழுக்குது? என்னன்னு சொல்லு, சரி பண்ணிடலாம்."

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்! கேமைத் திறந்தான், நண்பர்களோடு பேசும் ஆப்பைத் திறந்தான், பிரவுசரில் இரண்டு பக்கம் திறந்தான். ஒரு வரைபடம் ஏறி ஏறி உச்சியைத் தொட்டது. "பார்த்தியா, ரேம் நிரம்பிடுச்சு. ஒரே ஒரு எட்டு ஜிபி குச்சிதான் இருக்கு. இடம் இல்லைன்னா சிஸ்டம் பாதியைக் கொண்டுபோய் டிஸ்க்குல வைக்கும். அப்புறம் வேணும்னா அங்கிருந்து எடுத்துட்டு வரணும். அந்த நேரம்தான் இழுக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. லேபில் என் மேசை சின்னது. வேலை குவிந்தால் அச்சுகளைப் பின்னறை அலமாரியில் வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓட வேண்டும். கை வேகமாக இருந்து என்ன பயன், கால் நடந்துகொண்டிருந்தால்?

"அப்ப பெரிய மேசை வாங்கணும், அவ்வளவுதானே?" என்றேன். சிரித்தான். "அம்மா, நீ சூப்பர்."

அவ்வளவுதான் விஷயம். அவனிடம் கோளாறு இல்லை. மெஷினில்தான் கோளாறு. இதை எழுதும்போதே நெஞ்சில் பாரம் இறங்குகிறது.

மார்ச் 15, சனி

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார், ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். பழைய குச்சியோடு இன்னொன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"அப்படிச் செய்யாதீங்கம்மா. வேற வேற குச்சியைச் சேர்த்தா சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் மாமியார் மருமகதான். ஒரே டப்பாவுல வர்ற ஜோடியா வாங்குங்க. ரெண்டு குச்சின்னா போற வழியும் ரெண்டு. ஒரே வாசல்ல எல்லாரும் முட்டிக்க வேண்டியதில்லை."

எட்டு எட்டாகப் பதினாறு, ஒரு ஜோடி வாங்கினேன். "பையன் கேம் ஆடுவானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா விளையாடுவானா?"

"ரொம்ப நல்லா." பெருமையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவன் கை பரபரத்ததால் நானே மாட்டினேன். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு துளை. நேராக வைத்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்த வேண்டும், டக் என்று ஒரு சத்தம் வரும். பல் பொருத்துகிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

மாலை முழுக்க ஆடினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பயந்தே போனேன். இறக்கிவிட்ட பிறகுதான் அது சந்தோஷம் என்று புரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. இதைவிட நல்ல வாக்கியம் இந்த நாட்குறிப்பில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

மறுபடி.

ஏப்ரலில் தேர்வு ஆட்டமாம். ஜெயித்தால் பெரிய டீம் ஒன்று இவனை எடுத்துக்கொள்ளுமாம். அதனால் காலையிலிருந்து பயிற்சி. இப்போது திரை நிற்பதில்லை. ஆனால் நாலைந்து பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும்போது ஒரு சின்ன வெட்டு வெட்டுகிறது என்கிறான். எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"தெரியலையா? தெரியலையா உனக்கு?" என் கையைப் பிடித்து முறுக்கி, முகத்தைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் அழுத்தினான். "பாரு. நல்லா பாரு." மணிக்கட்டில் ஏதோ நெட்டி முறிந்தது போல் சத்தம். கதவில் ஒரு குத்து விட்டான். ஒட்டுப்பலகைக் கதவுதானே, கை மறுபக்கம் வந்துவிட்டது.

அந்த ஓட்டை வழியாக இப்போது கூடத்து நாற்காலி தெரிகிறது. நாள்காட்டியை மாட்டி மறைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கையில் துணி சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நெற்றிக்கண்ணாடிக் கடைக்காரர் மணிக்கட்டைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

"மெஷின் கிளம்புறப்ப வர்ற பயாஸ் பக்கத்துல போய் புரொஃபைலை ஆன் பண்ணலையே நீங்க? குச்சியை மாட்டினா மட்டும் போதாதும்மா. போர்டு பயந்த சுபாவம், எதைப் போட்டாலும் மெதுவாத்தான் ஓட்டும். டப்பா மேல போட்டிருக்கிற வேகம் நாம சொன்னாத்தான் வரும்."

அப்புறம் டைமிங். குச்சியின் மேலேயே எழுதியிருக்கிறது, பதினாறு, பதினெட்டு, பதினெட்டு, முப்பத்தெட்டு என்று. பிராசசர் ஒன்றைக் கேட்டால் ரேம் எடுத்துக் கொடுப்பதற்கு எத்தனை தாளம் காக்க வைக்கிறது என்ற கணக்காம். எண் குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, தாளம் எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெதுவான தாளத்தில் பதினைந்து காத்திருப்பதைவிட வேகமான தாளத்தில் பதினாறு காத்திருப்பது சீக்கிரம் முடிந்துவிடும்.

"இதனால செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிற சராசரி ஃப்ரேம் கொஞ்சம்தான் ஏறும். ஆனா சராசரியைப் பார்த்து ஏமாறாதீங்க. நூத்துல ஒண்ணு கீழ விழும் பாருங்க, அதைப் பாருங்க. ஆடுறவனுக்கு உறைக்கிறது அந்த ஒண்ணுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். சராசரி பார்த்தால் என் மகனைப்போல் தங்கமானவன் கிடையாது.

ஏப்ரல் 3, வியாழன்

பேச முடியவில்லை. எழுதத்தான் முடிகிறது.

கடைக்காரர் சொன்னபடி அந்த நீலப் பக்கத்துக்குள் போய் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். தம்பி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மெஷின் அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. முதல் தடவை அப்படித்தான் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், பதறாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

பின்னாலிருந்து இரண்டு கையும் என் கழுத்தைச் சுற்றின.

"கெடுத்துட்டே. கெடுத்துட்டே. தேர்வுக்கு முன்னாடி வேணும்னே கெடுத்துட்டே."

கறுப்புத் திரையில் எங்கள் இருவரின் முகமும் தெரிந்தது. என் வாய் திறந்திருந்தது. அவனுக்கு அழுகிற முகம். கால் தரையில் இல்லை. நான் நினைத்தது ஒன்றுதான்: சீக்கிரம் வா, சீக்கிரம் வா. மெஷினைத்தான் சொன்னேன். சாமியைக் கூப்பிடவில்லை.

திரையில் எழுத்து வந்தது. கை விட்டது.

"ஐ, வந்துடுச்சும்மா!"

நான் தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, எத்தனை வேகம் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். "மூவாயிரத்து இருநூறு காட்டுது! அம்மா, பாரேன்!"

பார்த்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கழுத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு போனேன். பல்லைத் தேய்க்கும் மைக்ரோ மோட்டார் அருகில் துணி தொங்கக் கூடாது என்பது நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கும் விதி. டாக்டரம்மா வந்து தன் கையாலேயே அவிழ்த்தார். பார்த்தார். மறுபடி கட்டிவிட்டார்.

"வீட்டுல நீங்களும் உங்க மகனும்தானே?"

தலையாட்டினேன்.

"போன தடவை பல்லு. அதை நான் சரி பண்ணிட்டேன். கழுத்தை நான் சரி பண்ண முடியாது." தன்னுடைய சொந்த எண்ணை என் போனில் பதிந்து கொடுத்தார். "எந்நேரம்னாலும்."

வெட்கமாக இருந்தது. அடித்தவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

ஏப்ரல் 6, ஞாயிறு

போனில் எல்லாவற்றையும் சொல்லி அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். மாமா என்றால் தம்பிக்கு ஒரு மரியாதை உண்டு. அண்ணன் வந்தான். மாமனும் மருமகனும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். தம்பி அவனுக்குக் கைகழுவத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தான்.

போகும்போது அண்ணன் படிக்கட்டில் வைத்து என்னிடம் சொன்னான்: "தங்கமான பையன். வருஷத்துல எத்தனை நாள் அடிக்கிறான்? ஒண்ணு, ரெண்டு. மத்த நாளெல்லாம் உன்னைத் தாங்குறான். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் அடங்கிடும்."

"அடங்கலைன்னா?"

"பொண்ணு பார்த்துக்குவா."

எந்தப் பெண்? அவளுக்கு எத்தனை பல்? அண்ணன் படியிறங்கிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

லீவு போட்டேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்த காலை நேரத்தில் டைமிங்கை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், போனில் கடைக்காரர் சொல்லச் சொல்ல. பதினாறைப் பதினான்காக்கினால் மெஷின் கிளம்புகிறது, ஆனால் சோதனையில் பிழை வருகிறது. "ரொம்ப இறுக்கினா ஞாபகம் தப்பும்மா. ஆட்டத்துக்கு நடுவுல அணைஞ்சுபோறதைவிட ஒரு தாளம் காத்திருக்கலாம்." பழையபடி பதினாறு வைத்து மறுபடி சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை.

திரை மூலையில் ஃப்ரேம் எப்படி விழுகிறது என்று காட்டும் கோடு ஒன்றையும் வைத்தேன். இழுத்தால் அதில் முள் முள்ளாக எழும். தம்பி எழுந்து ஆடிப் பார்த்தான். அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி கோடு. "வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுதும்மா" என்றான்.

இனி செய்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறேன். சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து. விலா எலும்பு இரண்டு, இடது கைச் சுண்டுவிரல், புருவத்தில் தையல். டாக்டரம்மாதான் இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும், வலித்தாலும்.

மதியம் தேர்வு ஆட்டம். உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தான், வாசலிலேயே நின்றேன். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மூலையில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை, வெடி, எல்லோரும் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்கிறார்கள், கோடு அசையவில்லை. எனக்குள் யாரோ பாட்டுப் பாடுவது போல் இருந்தது.

தம்பி தோற்றான். எதிரே இருந்தவன் இவனைவிட முன்னால் சுட்டான். அவ்வளவுதான். அடுத்ததிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும்.

காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தான். மெதுவாக வைத்ததைப் பார்த்து நான் ஏமாந்துவிட்டேன்.

"இழுத்துடுச்சு" என்றான்.

"இல்லையே ராஜா. கோடு நேராத்தானே இருந்தது."

ஏன் சொன்னேன்? வாய் தவறி வந்துவிட்டது. ஒரு மாதமாக எனக்கு அந்தக் கோடுதான் உலகம்.

நாற்காலி முதலில். அது தோளில் பட்டது. விழுந்தேன். அப்புறம் காலால். "கோடா? கோடா பார்க்கிறே? நான் தோக்கறதைப் பார்க்க வந்து நின்னியா?" விலாவில் ஒன்று, அதே இடத்தில் இன்னொன்று. உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல் ஒடிந்ததைக் காதால் கேட்டேன். முகத்தை மறைத்த கையை மிதித்தான். மௌஸ் ஒயரைப் பிடித்து மௌஸைச் சுழற்றி அடித்தான், புருவம் கிழிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "உன்னாலதான், உன்னாலதான்" என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை, ஏதோ பாடம் ஒப்பிப்பது போல.

மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். அங்கே மெஷின் இருந்தது. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாததால். அடுத்த உதை வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கால் தூக்கியபடியே நின்றிருந்தான்.

"அம்மா. அதை விடு."

விடவில்லை. ஒயர்களை எல்லாம் பிடுங்கினேன். மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எலும்பு டாக்டருக்கே புரியவில்லை.

"அம்மா, கீழ வைம்மா. ப்ளீஸ்மா. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கை நடுங்கவில்லை. குரல் குழைந்தது. ஒரே நொடியில்.

அப்படியென்றால் உன்னால் நிறுத்த முடியும்.

என் பல்லுக்கு நிறுத்தவில்லை, கழுத்துக்கு நிறுத்தவில்லை. ஒரு தகர டப்பாவுக்கு நிறுத்தினாய். கோபம் வந்தால் கண் தெரியாது, தன்னை மறந்துவிடுகிறாய் என்று நான்தானே எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்? கண் நன்றாகத் தெரிகிறது உனக்கு. எது உடையக் கூடாது என்று நன்றாகத் தெரிகிறது.

கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினேன். அவன் பின்னாலேயே வந்தான். தொடவில்லை. "பார்த்தும்மா… படி இருக்கு… சுவத்துல இடிச்சுடாதே…" தெருவில் வெயில். ஆட்கள் நின்று பார்த்தார்கள். முகமெல்லாம் ரத்தத்தோடு ஒருத்தி கம்ப்யூட்டரைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு போகிறாள், பின்னால் ஒருவன் கையேந்திக்கொண்டு போகிறான். "கிராபிக்ஸ் கார்டும்மா… ஆட்டாதே…" ஒவ்வொரு மூச்சுக்கும் விலா கிழிந்தது. கீழே வைத்தால் செத்தேன் என்று மட்டும் தெரியும்.

முனையில் திரும்பினால் போலீஸ் ஸ்டேஷன். வாசல்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

உள்ளே மேசையில் இருந்த போலீஸ்காரப் பெண் எழுதிக்கொண்டே, "ரிப்பேர் கடை அடுத்த தெரும்மா" என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மெஷினை என் கையிலிருந்து வாங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. விரல் பிரியவில்லை.

"யாரும்மா செஞ்சது?"

"என் மகன். வாசல்ல நிக்கிறான் பாருங்க."

சொல்லிவிட்டேன். வழுக்கி விழுந்தேன் என்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

மகள் வந்துவிட்டாள், ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காமல் உட்கார்ந்தபடியே வந்தாளாம். கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு என் தலையைச் சீவிவிட்டாள், தையலில் படாமல்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவனை வெறுத்திருப்பே."

"இப்ப மட்டும்?"

இரண்டு பேரும் அழுதோம். அழுதால் விலா வலிக்கிறது, சிரித்தாலும் வலிக்கிறது. "அப்ப சும்மா இரும்மா" என்றாள். அதற்குச் சிரித்து, அதற்கும் வலித்தது.

ஏப்ரல் 23, புதன்

அண்ணன் வந்தான். புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறான்.

"பெத்தவளே பிள்ளையைப் பிடிச்சுக் கொடுத்தா ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும். துடைச்சுக்கலாம். ஒடிஞ்ச எலும்பைத் துடைச்சுக்க முடியாதுண்ணே."

இப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணன் எழுந்து போய்விட்டான். ஜாமீன் எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறானாம். தம்பி என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று நீதிபதி சொல்லியிருக்கிறார்.

இரவு சோற்றில் கை வைத்ததும் நினைத்துக்கொண்டேன், அவன் சாப்பிட்டிருப்பானா? நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனசு நினைக்கட்டும். புகார் அப்படியே இருக்கட்டும்.

மே 9, வெள்ளி

வேலைக்குத் திரும்பிவிட்டேன். சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுக்கிறது.

மெஷினை ஸ்டேஷனிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மனசில்லை. பல்லைத் திரையிலேயே வடிவமைக்கும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்க டாக்டரம்மா ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தார், அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். லேபில் வைத்துவிட்டோம். முழு வாயின் ஸ்கேனைத் திறந்தால் பதினாறு நிரம்பிவிடுகிறது. முப்பத்திரண்டாக்க வேண்டும். ஜோடியாகத்தான்.

மே 24, சனி

அண்ணன் போன் செய்தான்.

"உங்க அண்ணி மேல கை வச்சுட்டான்."

"எதுக்கு?"

"மிக்சி சத்தம் போட்டுச்சாம். தூக்கம் கலைஞ்சுடுச்சாம்." அப்புறம், "அவ கன்னத்து எலும்பு…" முடிக்கவில்லை.

அங்கே கம்ப்யூட்டர்கூட இல்லை.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அண்ணிகிட்ட போனைக் கொடு" என்றேன். ஸ்டேஷனில் அந்தப் பெண் எந்த மேசையில் இருப்பாள் என்று அண்ணியிடம் சொன்னேன். நான் துணைக்கு வருகிறேன் என்றும் சொன்னேன். போனோம்.

ஜூலை 3, வியாழன்

இரண்டாவது புகாருக்குப் பிறகு ஜாமீனை ரத்து செய்து உள்ளே வைத்தார்கள். இப்போது வெளியே விட்டிருக்கிறார்கள், ஒரு விடுதியில் இருக்கிறான், வாரந்தோறும் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவின் அறையில்தான் இன்று அவனைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன்.

இளைத்திருந்தான். முதலில் கேட்டது: "மெஷின் எங்கம்மா?"

"லேபுல. பல்லு செய்யுது."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் கோணியது. பிறகு என் வாயையே பார்த்தான். "அந்தப் பல்லு… வித்தியாசமே தெரியலம்மா."

"எனக்குத் தெரியும்."

பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். கொஞ்ச நேரம் அதைப் பற்றிச் சொன்னான். பிறகு கேட்டான்: "நான் வீட்டுக்கு வரட்டுமா?"

"வேண்டாம் தம்பி."

எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்தது. கை முறுக்கிக்கொள்வதைப் பார்த்தேன், கழுத்து நரம்பைப் பார்த்தேன். ஆலோசகரம்மா பேனாவை வைத்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, எழுந்திருக்கவில்லை.

அவன் நாற்காலியை நிமிர்த்தினான். உட்கார்ந்தான்.

"சரிம்மா" என்றான்.



ஜூலை 20, ஞாயிறு

சும்மா கிடக்கும் அறையை நர்ஸ் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். புதுக்கதவு போட்டாகிவிட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். கண் விழித்தபோது வெயில் சுவரின் அந்தப் பக்கம் போய்விட்டது. நர்ஸ் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இப்படித் தூங்குறீங்க! மேல் வீட்டுல சுவத்தை இடிக்கிறாங்க, கட்டடமே அதிருது. எனக்கு மண்டை வெடிக்குது. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அப்போதுதான் கேட்டது. தலைக்கு நேர் மேலே, சம்மட்டி அடி.

"இல்லையேம்மா" என்றேன். எழுந்துபோய் இருவருக்கும் டீ போட்டேன்.